வாய்க்கு ஒரு முகவரி, காதுக்கு ஒரு முகவரி

இந்த யூஎஸ்பி வைஃபை அடாப்டரின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று ஆண்டுகளாக என் வீட்டு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் அக்சஸ் பாயிண்டாக, அதாவது வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் கருவியாக, வேலை செய்வது இதுதான். வேகம், ஆண்டெனா விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: மூன்று கோடைகளில் ஒருநாள்கூட இது சூட்டில் படுத்ததில்லை. பழைய ரௌட்டர் கைவிட்ட மாடிப்படித் திருப்பத்திலும் சிக்னல் முழுதாக நிற்கிறது.

என் வயிற்றெரிச்சல் முழுவதும் இதன் டிரைவர் மீதுதான், அதாவது கணினிக்காக இதை இயக்கும் மென்பொருள் மீது.

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்த ஒரு சிறு கருவி செய்து வைத்திருந்தேன். சீக்கிரம் இணையட்டும் என்று நெட்வொர்க் பெயரோடு ரௌட்டரின் மேக் முகவரியையும் (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்) நிரலிலேயே எழுதினேன். போதாததற்கு, மழை புகாதிருக்க எபாக்ஸி ஊற்றிப் பெட்டியை அடைத்தும்விட்டேன். பிறகு ரௌட்டர் செத்தது. கருவியோ அந்த முகவரியைத் தவிர வேறெதையும் தேடாது. பெட்டியை உடைக்காமல் தப்பிக்க ஒரே வழி, புதிய அக்சஸ் பாயிண்டுக்கும் அந்தப் பழைய முகவரியையே சூட்டுவது. பையில் ஓடும் லினக்ஸில் அது ஒருவரிக் கட்டளை. தட்டினேன், பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. உன் முகவரி என்ன என்று கேட்டால் நான் கொடுத்ததையே சமர்த்தாகத் திருப்பிச் சொன்னது. போனிலும் நெட்வொர்க் பெயர் தெரிந்தது. தொட்டால் மட்டும் 'இணைகிறது' என்று சற்று நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்துபோனது.

கடவுச்சொல்லைச் சந்தேகித்தேன். சேனலைச் சந்தேகித்தேன். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரையும் விடவில்லை, வைஃபையைத் தேடும்போது அது தன் போக்கில் வேறு முகவரியை மாட்டிவிடும் பழக்கமுள்ளது. இந்தப் பக்கமே வராதே என்று அதற்கு எழுதி வைத்தும் பயனில்லை. அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட 02 வரிசையில் 02:11:22:33:44:50 என்று கொடுத்துப் பார்த்தேன். அதே கதி. கைதவறி 01 என்று தொடங்கியபோது, அது ஒரு கூட்டத்துக்கான முகவரி என்பதால் லினக்ஸின் மையமான கர்னல் ஏற்க மறுத்தது. அத்தனை நாளில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன ஒரே ஆள் அதுதான்.

பத்தாம் நாள் இன்னொரு அடாப்டரை எல்லா வைஃபை பேச்சையும் ஒட்டுக்கேட்கும் மானிட்டர் முறையில் வைத்துக் காற்றில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தேன். நான் இங்கே இருக்கிறேன் என்று அக்சஸ் பாயிண்ட் விடாமல் அறிவிக்கும் பீக்கன் புதிய முகவரியோடு போய்க்கொண்டிருந்தது. போன் அந்த முகவரிக்கு அனுமதி கேட்டு ஒரு ஃபிரேம், அதாவது சிறு தகவல் பொட்டலம், அனுப்பியது. பதிலில்லை. 'மறுமுயற்சி' அடையாளத்தோடு அதே ஃபிரேம் மறுபடியும், மறுபடியும். அடாப்டரின் சொந்த முகவரிக்குத் திரும்பியதும் ஒவ்வொரு ஃபிரேமின் வாலைப் பிடித்தபடி 'கிடைத்தது' என்ற பதில் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 மைக்ரோவிநாடியில், 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோவிநாடியில் கிளம்பியாக வேண்டும். கர்னலைக் கேட்டு வர அவகாசமில்லை. தன் ரெஜிஸ்டர் என்ற உள் நினைவிடத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டு, பொருந்தினால் சிப்பே பதில் போட்டுவிடும். டிரைவரோ புதிய முகவரியை லினக்ஸிடம் சொல்லியிருக்கிறது, பீக்கனில் எழுதியிருக்கிறது, சிப்பின் ரெஜிஸ்டரில் மட்டும் எழுதவில்லை. புதுப்பெயரைச் சொல்லி ஊரையே அழைத்துவிட்டு, அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் திரும்பாத ஆள்!

மூல நிரலைப் புரட்டியபோது, டிரைவர் ஒரு மாட்யூலாகக் கர்னலில் ஏறும்போதே முகவரியைக் கொடுக்க ஒரு வசதி இருப்பது தெரிந்தது. அந்த வழியில் கொடுத்தால் ரெஜிஸ்டரிலும் எழுதுகிறது. மாட்யூலை இறக்கி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, மீண்டும் ஏற்றினேன். போன் உடனே இணைந்தது. அன்று மாலை தொட்டி நிரம்பி மோட்டாரின் இரைச்சல் தானாக அடங்கியபோது நான் கீழே சமையலறையில் இருந்தேன். காபியைக் கீழே வைத்துவிட்டு அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வைக்கும் ஆசையையும் விட வேண்டியதாயிற்று. அதில் டிரைவர் மீது பழியில்லை. இரண்டு நெட்வொர்க் வேண்டுமானால் முதல் முகவரி இரட்டைப்படையில் முடிய வேண்டும் என்பது அக்சஸ் பாயிண்டை நடத்தும் நிரலான ஹோஸ்ட்ஏபிடியின் வழக்கமான விதி. பழைய ரௌட்டருடையது 7-இல் முடிகிறது. ஆனால் கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டியிருப்பதற்கு யாரைத் திட்டுவது?

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் சிப்பாகப் பார்க்கச் சொன்னேன். முகவரியை மாற்ற முடியாது என்று இது சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் வேறு வழி பார்த்திருப்பேன். சரி சரி என்று தலையாட்டியே பத்து நாளைத் தின்றதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பாதி விலைக்கு விற்கும் கடை எது என்று மட்டும் அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கையில் இன்னொன்று இருக்கட்டும். மாடியில் அந்த எபாக்ஸி இன்னும் கல் மாதிரி இருக்கிறது.