ஏ.ரி. ரயரா, வின்ரர் ரயரா? ஐஸில் நிற்பதைப் பார்த்து முடிவெடுங்கள்

ஃபோர்ரன்னர், ரக்கோமா, ஜீப் ரங்ளர் மாதிரி நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வைத்திருக்கிற நம்மாட்களிடம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பக்கத்தில் மலையும் பனிப்பூவும் பொறித்த ஓல் ரெறெய்ன் ரயர், அதாவது ஏ.ரி. ரயர், ஒரு செற் வாங்கி வருடம் முழுக்க ஓடலாமா, இல்லை வின்ரருக்கென்று தனியாக இன்னொரு செற் வேண்டுமா? என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். கனடாவில் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கம் இருந்துகொண்டு வேலைக்கு 401 நெடுஞ்சாலையிலும் சனி ஞாயிறில் 400 நெடுஞ்சாலையில் பரீ பக்கமும் ஓடுகிறவர் என்றால் இரண்டு செற்தான். ஏ.ரி. மட்டும் போதும் என்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கீழே வருகிறேன், ஆனால் நினைக்கிற அளவுக்குப் பலர் இல்லை.

நாலு சில்லு இழுவை வாகனத்தைக் கிளப்பும், மேடு ஏற்றும், ஸ்நோவில் புதைந்தால் வெளியே எடுக்கும். நிற்பாட்டும் வேலையில் அதற்குப் பங்கு இல்லை. பிரேக் கொரோலாவுக்கும் நாலு சில்லில்தான், ஃபோர்ரன்னருக்கும் நாலு சில்லில்தான். இந்த வாகனங்கள் சறுக்காமல் கிளம்புவதால் ரோட்டு எவ்வளவு வழுக்குகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை, முதல் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரிகிறது. வாகனம் பாரம், அதனால் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை. பாரம் கூடினால் ரயரின் பிடிப்பு கூடும், நிறுத்த வேண்டிய விசையும் அதே அளவு கூடும், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும். மிச்சம் இருப்பது ரப்பருக்கும் ரோட்டுக்கும் இடையில் உள்ள உராய்வு மட்டும்தான்.

அந்த உராய்வு எவ்வளவு மாறும் என்று ஒரு கணக்குப் போடுவோம். காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்தால், 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடிக்கிற வாகனம் ஏறக்குறைய 12 மீற்றரில் நிற்கும். ஐஸில் அது 0.1 என்று வைத்தால் 98 மீற்றர் போகும். நல்ல ரயரால் 0.15 கிடைத்தது என்று வையுங்கள், 66 மீற்றர். 0.05 என்பது கடுதாசியில் ஒன்றுமே இல்லை, ரோட்டில் அது 32 மீற்றர், ஆறு ஏழு ஃபோர்ரன்னரை வரிசையாக நிறுத்துகிற நீளம். இது கணக்குத்தான், ஒரு குறிப்பிட்ட ரயரை ஓட்டி அளந்தது இல்லை, ஆனால் ஸ்நோ ரயருக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் இதை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பனிப்பூச் சின்னம். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் பனிப்பூ. 1999இல் வட அமெரிக்க ரப்பர் தொழில்துறை கொண்டுவந்தது. இதைப் பெற ரயர் ஒரு பரிசோதனையில் தேற வேண்டும், நடுத்தரமாக இறுகிய ஸ்நோவில் முன்னோக்கி இழுக்கும் பிடிப்பை அளப்பார்கள். ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் நியம ரயருக்கு 100 புள்ளி என்றால் இதற்கு 110 வர வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் வைத்த அளவு. கவனியுங்கள், இழுவையைத்தான் அளக்கிறார்கள். ஐஸில் பிரேக் பிடிப்பது அந்தப் பரிசோதனையில் இல்லை, வளைவில் வழுக்குவதும் இல்லை. ஆக 111 எடுத்த ஏ.ரி. ரயரிலும் அதே சின்னம்தான், அதைவிட எவ்வளவோ மேலே போகிற வின்ரர் ரயரிலும் அதே சின்னம்தான், ரயரின் பக்கவாட்டைப் பார்த்து நீங்கள் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சேறும் ஸ்நோவும் என்று பொருள்படும் எம்+எஸ் எழுத்தை நம்பவே வேண்டாம், அது ரயரின் காலில், அதாவது ரோட்டில் படுகிற பகுதியில், வெட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துப் போடுவது, அதற்கென்று ஸ்நோவில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. இன்னொன்று, சில ஏ.ரி. மாடல்களில் எல்லா அளவுக்கும் பனிப்பூ கிடையாது. இணையத்தில் மாடல் பெயரைப் பார்த்து ஓடர் பண்ணாமல், உங்கள் அளவுக்கு, உதாரணமாக 265/70 ஆர்17க்கு, சின்னம் இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பாவில் 2021 மே முதல் ரயர் லேபிளில் ஐஸுக்கென்று தனிச் சின்னம் வைத்திருக்கிறார்கள். இங்கே கடையில் விற்கிற எல்லா ரயரிலும் அதை எதிர்பார்க்க முடியாது, ஆகவே ரப்பரைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மைனஸ் 10 உள்ள நாளில் கராஜில் ஏ.ரி. ஒன்றையும் வின்ரர் ரயர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலின் கட்டியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வின்ரர் ரயரில் நகம் கொஞ்சம் இறங்கும், கட்டியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் அதிலுள்ள மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். ஏ.ரி. அசையாது. அது குறைபாடு இல்லை, அந்த ரயரைச் செய்ததே அதற்காகத்தான். கூர்க்கல்லில் ஏறும்போது கட்டி பிய்ந்து போகக் கூடாது, கிரவல் ரோட்டில் வெட்டுப்படக் கூடாது, அதனால் ரப்பர் கடினமாகவும் கட்டி பெரிதாகவும் இருக்கும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும் என்று சொல்வார்கள், இங்கே நவம்பர் நடுப்பகுதியிலேயே காலைகள் அதற்குக் கீழேதான்.

ஐஸில் வழுக்க வைப்பது மேலே இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம். மைனஸ் 25இல் ஐஸ் காய்ந்து கிடக்கும், அப்போது ஓரளவு பிடிப்பு உண்டு. மோசமானது பூச்சியத்தை ஒட்டிய நாட்கள், ரொறன்ரோவில் வின்ரரில் பாதி நாள் அப்படித்தான். பகலில் உருகி இரவில் உறையும். ஸ்ரொப் சைனுக்கு முன்னால் உள்ள கடைசிப் பத்து மீற்றரைப் பாருங்கள், வருகிற எல்லோரும் அங்கேதான் பிரேக் பிடிப்பார்கள், கிளம்பும்போது சில்லைச் சுழற்றுவார்கள், மாலைக்குள் அந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்கும். உங்களுக்கு ரயர் தேவைப்படுகிற இடம் அதுதான். பிரிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக்கின் ரப்பருக்குள் நுண்ணிய துளைகள் வைத்திருப்பது அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஒதுக்கத்தான். அந்தத் துளை ரப்பர் காலின் மேல் பகுதியில் மட்டும் இருக்கும், கீழே வேறு ரப்பர், ஆகவே பாதி தேய்ந்த பிளிசாக்கைப் புதிய பிளிசாக் என்று நினைத்து ஓட்டக் கூடாது.

வின்ரர் பக்கத்தில் என் தெரிவு மூன்று. பிளிசாக் டி.எம்-வி2, நொக்கியன் ஹக்கபெலீற்றா ஆர்5 எஸ்.யு.வி., மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ எஸ்.யு.வி. ஐஸை மட்டும் பார்த்தால் நான் முதலில் நொக்கியனைத்தான் கேட்பேன். 1934இல் உலகின் முதல் வின்ரர் ரயரைச் செய்த பின்லாந்துக் கம்பனி அது, ஹக்கபெலீற்றா என்ற பெயர் 1936இல் வந்தது, பனிக்காலம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நீண்ட நாள் உழைக்க வேண்டும், 401இல் நிறைய ஓடுவேன் என்றால் மிஷலின். உங்கள் அளவில் மூன்றும் கிடைக்கும் என்றில்லை, கிடைக்கிற ஒன்றைச் செப்ரெம்பரிலேயே எடுத்துவிடுங்கள், முதல் ஸ்நோ விழுந்த கிழமையில் கடைக்குப் போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

ஆணி பதித்த ரயர், உதாரணமாக ஹக்கபெலீற்றா 10, பூச்சியத்தை ஒட்டிய ஈர ஐஸில் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் ஒன்ராறியோவில் அது வடபகுதி ஆட்களுக்கு அனுமதிக்கப்பட்ட விசயம், ஸ்காபரோவில் இருக்கிற நாங்கள் போட முடியாது. உப்புப் போட்டுத் துடைத்த 401இல் அது சத்தமும் போடும், வெறும் தாரில் பிடிப்பும் குறைவு. சட்பரியில் அல்லது தண்டர் பேயில் வேலை கிடைத்துப் போயிருக்கிற பிள்ளைகள் யோசிக்கலாம்.

சரி, ஏ.ரி. பக்கம். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2, இப்போது அதற்கு அடுத்ததாக வந்திருக்கும் கே.ஓ.3, ஃபோல்கன் வைல்ட்பீக், ரொயோ ஓப்பன் கன்றி ஏ.ரி.3, நொக்கியன் அவுட்போஸ்ட் ஏ.ரி. எல்லாம் பனிப்பூ உள்ள வரிசைகள். ஆழமான, இறுகாத ஸ்நோவில் இவை உண்மையிலேயே நன்றாகப் போகும். அகலமான வாய்க்கால்களுக்குள் ஸ்நோ இறுகி நிரம்பும், ஸ்நோவை ஸ்நோ பிடிக்கும், அதனால் இழுவை வரும். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து ஏரிப்பனி கொட்டுகிற நேரத்தில், கலப்பை வராத கொட்டேஜ் ரோட்டில், கே.ஓ.2 போட்ட வாகனம் போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. பக்கச்சுவர் உறுதிக்கும் கல்லுக்கும் கே.ஓ.2, கே.ஓ.3. ஈரத்துக்கும் ஸ்நோவுக்கும் நடுவில் ஒரு சமநிலை வேண்டுமென்றால் வைல்ட்பீக் அல்லது அவுட்போஸ்ட். வருடம் முழுக்க ஒரே செற்தான் என்று அடம்பிடிக்கிறவருக்கு நான் கே.ஓ.2 சொல்ல மாட்டேன், அதன் ரப்பர் கல்லுக்கென்று செய்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று எல்.ரி., அதாவது லைற் ரக் ரயர். ஒரே மாடல் சாதாரண எஸ்.யு.வி. வகையிலும் வரும், ரக்குக்கான, கூடப் பாரம் தாங்குகிற எல்.ரி. ஈ வகையிலும் வரும். ஈ வகை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பாரம் கூட, பக்கச்சுவர் விறைப்பு, அதே பாரத்தைச் சுமக்கக் காற்றும் கூட அடிக்க வேண்டும். விறைத்த ரயர் ரோட்டில் வடிவாகப் படியாது, பெற்றோலும் கூடக் குடிக்கும். பின்னால் றெய்லர் இழுக்கவில்லை, கல்லுக்குள் போகவில்லை என்றால் சாதாரண வகை போதும்.

நடுவில் நிற்பது ஓல் வெதர், அதாவது பனிப்பூ உள்ள, வருடம் முழுக்க ஓடக்கூடிய ரோட்டு ரயர். ரொயோ செல்சியஸ், மிஷலின் கிறோஸ்கிளைமற் 2, நொக்கியன் றெமிடி போன்றவை. கல்லுக்குள் போகவே போகாத, வாகனம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கோயிலுக்கும் கொண்டுபோகத்தான் என்கிற ஆளுக்கு, ஒரு செற் மட்டும் வாங்கக் காசு இருந்தால், ஏ.ரி.யை விட இதுதான் சரி. பலர் தோற்றத்துக்காக ஏ.ரி. எடுக்கிறார்கள், ஆசைப்படுவதில் தப்பில்லை, அதைக் கோடைக்குப் போடுங்கள்.

காசு பற்றி. இரண்டு செற் என்றால் இரண்டு மடங்கு செலவு என்று நினைக்கிறோம், ஒன்று ஓடும்போது மற்றது கராஜில் இருப்பதால் இரண்டும் அதற்கேற்ற மாதிரி நீண்ட காலம் வரும். உண்மையான கூடுதல் செலவு றிம்மும், வருடத்தில் இரண்டு தரம் மாற்றுகிற கூலியும்தான். இரும்பு றிம் ஒரு செற் எடுத்து வின்ரர் ரயரை நிரந்தரமாக ஏற்றிவிட்டால் ரயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிற செலவு இல்லை, ஜாக் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். காற்றழுத்த சென்ஸர் கனடாவில் சட்டப்படி கட்டாயமில்லை, இல்லாமல் விட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அழுத்தத்தை நீங்களே பார்க்க வேண்டும். 5, 6 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும், ஆகவே ஒக்டோபரில் அடித்த காற்று ஜனவரியில் காணாது. 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோ காப்புறுதிக் கம்பனிகள் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பனிப்பூ உள்ள ஏ.ரி.யை ஏற்பார்களா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், வாங்கும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

மொன்றியலில் இருக்கிற சொந்தங்களுக்குத் தெரிவு குறைவு. கியூபெக்கில் பதிந்த வாகனத்துக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிப்பூ அல்லது ஆணி ரயர் கட்டாயம், 2014 டிசம்பருக்குப் பிறகு எம்+எஸ் மட்டும் உள்ள ரயர் செல்லாது. தண்டம் 200 முதல் 300 டொலர். பனிப்பூ உள்ள ஏ.ரி. அங்கே சட்டத்துக்குப் போதும், ஆனால் சட்டம் கேட்பதும் இறக்கத்தில் உள்ள ஸ்ரொப் சைன் கேட்பதும் ஒன்றல்ல. ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு கலியாணத்துக்குப் போகிறவரை அந்தச் சட்டம் பிடிக்காது, ரோட்டு பிடிக்கும்.

அப்ப ஏ.ரி. மட்டும் யாருக்கு? கிராமப்புறத்தில், கிரவல் ரோட்டில் வீடு, வேலையிலும் அதே ரோட்டு, ஸ்நோ ஆழமாகக் கிடக்கும், வேகம் குறைவு, சந்திகளில் வாகன வரிசை இல்லை, கோடையில் மரம் வெட்டவோ வேட்டைக்கோ கல்லுக்குள் போக வேண்டும். இப்படிப்பட்டவருக்கு அவுட்போஸ்ட் மாதிரி ஒன்று ஒரே செற்றாக நியாயமானது. அவரும் ரயர்க் காலின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் ஸ்நோவில் ஓடக் கூடாது. தேய்ந்த ஏ.ரி.யில் பனிப்பூ அப்படியே தெரியும், பிடிப்பு இருக்காது.

முன்னுக்கு இரண்டு வின்ரர், பின்னுக்கு இரண்டு ஏ.ரி. என்று கலந்து போடுவதை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் வீசிச் சுழலும், நாலு சில்லு இழுவையில் விட்டம் வேறுபட்டால் கியர்ப்பெட்டிக்கும் டிஃபரென்ஷலுக்கும் கேடு. அளவைக் கொஞ்சம் ஒடுக்கலாம், 265/70 ஆர்17க்குப் பதில் 245/75 ஆர்17 கிடைத்தால் விட்டம் 3, 4 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஒடுங்கிய ரயர் ஸ்நோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் பார தரம் வாகனக் கதவில் ஒட்டியிருக்கிற அளவுக்குக் குறையக் கூடாது.

வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 3524 என்றால் 2024இன் 35ஆவது கிழமையில் செய்தது. மலிவு விலை என்று போட்டிருக்கிற இடத்தில் நாலைந்து வருடப் பழையதையும் வைத்திருப்பார்கள், வின்ரர் ரப்பர் கிடந்தாலே இறுகும். பூட்டிய பிறகு 50இலிருந்து 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு நட்டுகளை ரோர்க் சாவியால் திரும்ப இறுக்கிப் பாருங்கள், புது இரும்பு றிம் என்றால் கட்டாயம்.