நிறத்தைக் கற்க: சைமின் பட்டியலா, ஆல்பர்ஸின் காகிதமா?

நிறத்தைப் பற்றி ஒரே ஒரு படப் புத்தகம் வாங்க நினைப்பவர்களுக்கு நான் இரண்டைக் காட்டுவேன். ஒன்று, எடின்பரோ ஓவியர் பேட்ரிக் சைம் 1814இல் வெளியிட்ட 'வெர்னர்ஸ் நாமன்க்ளேச்சர் ஆஃப் கலர்ஸ்'. இன்னொன்று, ஓவியரும் ஓவிய ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் கொண்டுவந்த 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்'. ஒளியின் அலைநீளம், கண்ணின் அமைப்பு பற்றிய பாடம் வேண்டுமென்றால் இரண்டுமே உதவாது. பார்க்கப் பழகுவதற்கு இவற்றைவிட நல்ல துணை இல்லை.

ஜெர்மன் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் கற்களை அடையாளம் காண வகுத்த நிறப் பெயர்களை சைம் விரிவாக்கினார். 1821 பதிப்பில் 110 நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கட்டம். கூடவே, அந்த நிறத்தை எந்த உயிரினத்தில், செடியில், கனிமத்தில் பார்க்கலாம் என்ற குறிப்பு. பிரஷ்யன் நீலம் எது என்றால், ஆண் காட்டு வாத்தின் சிறகிலுள்ள பளிச்சென்ற திட்டைப் பார் என்கிறது. ஜவுளிக்கடையில் மயில்கழுத்து, கிளிப்பச்சை என்று நாம் கேட்கிற அதே வழிதான்.

டார்வின் பீகிள் கப்பலில் இதைக் கையோடு கொண்டுபோனார். கேப் வெர்டே தீவில் ஓர் ஆக்டோபஸ் நிறம் மாறுவதைப் பார்த்து, அதன் உடலில் ஓடிய சிவப்பையும் பழுப்பையும் சைமின் பெயர்களிலேயே எழுதிவைத்தார். வண்ணப் புகைப்படம் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி!

சரி, நிறத்துக்கு இப்படி ஒரு நிலையான பெயர் ஒட்டுமா? ஒட்டாது என்கிறார் ஆல்பர்ஸ். ஒரே காகிதத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டி, வேறு வேறு நிறப் பின்னணியில் வைத்தால், இரண்டும் ஒன்று என்று கண் ஒப்புக்கொள்ளாது. அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரியிலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகள்தான் இந்தப் புத்தகம். பெயின்ட் கலக்குவதைவிட வண்ணக் காகிதமே மேல் என்பார்; எத்தனை முறை வெட்டினாலும் அதே நிறம் கிடைக்கும்.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். பாரிஸின் கோப்லென் நெசவாலையில் சாயப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நிற நூல்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஆல்பர்ஸ் அதை நம் கைகளாலேயே செய்துபார்க்க வைக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதுதான்.

பறவை, பூச்சி, செடி பார்த்துக் குறிப்பெழுதுகிறவர்கள் சைமை வாங்கலாம். ஆனால் மூலப் புத்தகத்தின் கட்டங்கள் கையால் தீட்டியவை. இன்றைய மறுபதிப்புகள் அச்சு மையில் வந்தவை. துல்லியமாக நிறம் ஒப்பிட அவற்றை நம்பாமல், குறிப்புகளுக்காக வாங்குங்கள்.

வரைகிறவர்கள், நெய்கிறவர்கள், வடிவமைப்பவர்களுக்கு ஆல்பர்ஸ்தான். ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வும் அதுவே. பழைய 1971 சிறு பதிப்பில் படங்கள் குறைவு. 2013 பதிப்பைத் தேடுங்கள். அப்புறம், ஒரு கட்டு வண்ணக் காகிதமும் கத்தரிக்கோலும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வெறுமனே படித்தால் பாதிப் புத்தகம்தான் கிடைக்கும்.