வலி கிளம்பிய நாளில் எது கைகொடுக்கும்? நடை, தசைப் பயிற்சி, யோகா, தண்ணீரில் பயிற்சி: ஓர் ஒப்பீடு

கீழ்முதுகு வலியோடு ஒன்பது வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இத்தனை வருடத்தில் நான் மற்றவர்களிடம் கேட்டதும், இப்போது மற்றவர்கள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எந்தப் பயிற்சி நல்லது?" நடந்தாலே போதும் என்பார்கள். நீந்தச் சொல்வார்கள். யோகாதான் என்று அடித்துச் சொல்வார்கள். எடை தூக்கினால்தான் முதுகு தேறும் என்பவர்களும் உண்டு. நான்கையும் மாதக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் நான்குமே நன்றாகத்தான் இருக்கின்றன. காலையில் பல் தேய்க்கக் குனிய முடியாமல், வாஷ்பேசின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற நாள் ஒன்று வருமே, அன்றைக்கு இவற்றில் எது மிஞ்சுகிறது? இந்த ஒப்பீட்டை அதை வைத்துத்தான் செய்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உஷாராகவே இருந்து, சின்ன அசைவுக்கும் கூச்சல் போடுவது இதில் சகஜம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்போமே, அதே நிலைதான். பூனையின் பயம் நிஜம், வலியும் நிஜம். ஆனால் அடுப்பு இப்போது எரிகிறதா என்பது வேறு கேள்வி. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருக்கிறது என்று படித்ததும் நான் பயந்துபோய் ஆறு மாதம் குனியவே இல்லை. பின்னால்தான் ஒரு தகவல் தெரியவந்தது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆறு மாதம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது, காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ கூட வருவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த கடும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

படுத்திருப்பதா, பல்லைக் கடிப்பதா?

வலி வந்தால் நாம் போகிற வழி இரண்டு. ஒன்று, அப்படியே படுத்துவிடுவது. 1995-இல் ஹெல்சிங்கியில் திடீர் முதுகு வலி வந்த 186 ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினர் முடிந்த அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவுதான். அது புதிதாக வந்த வலி. நாள்பட்ட வலியில் படுத்துக் கிடந்தால் சேதம் இன்னும் அதிகம், ஏனென்றால் தசை கரைந்துகொண்டே போகிறது.

இன்னொரு வழி, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து முடிப்பது. நான் இந்த ரகம். கொஞ்சம் தேவலை என்று தோன்றுகிற நாளில் வீடு முழுக்கத் துடைத்து, அலமாரியை இழுத்துப் போட்டு அடுக்கிவிடுவேன். அப்புறம் மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. நாலாம் நாள் தேறியதும் மறுபடி அதே கதை. மேலிருந்து பார்த்தால் சுறுசுறுப்பான ஆள் மாதிரி தெரியும். கூட்டிக் கழித்தால் மாதத்தில் பாதி நாள் படுக்கைதான்.

இரண்டையும்விட எனக்கு உதவியது கடிகாரம். பதினைந்து நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்றால், பத்தாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், நன்றாக இருந்தாலும் சரி. எப்போது நிறுத்துவது என்பதை வலி முடிவு செய்யக் கூடாது, நேரம் முடிவு செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டலாம். கேட்க எளிது. நல்ல நாளில் பத்தாவது நிமிடத்தில் துடைப்பத்தைக் கீழே வைப்பதுதான் இந்த ஒன்பது வருடத்தில் நான் பழகியதிலேயே கஷ்டமான பழக்கம்.

நடை

எதுவும் வாங்க வேண்டாம், யாரிடமும் கற்க வேண்டாம். ஆதாரமும் பலமாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி வரை நடப்பதுதான் இலக்கு, அவ்வளவே.

மோசமான நாளில் நடை அழகாகச் சுருங்கும். அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகும், ஐந்து நிமிடம் வராந்தாவின் இரண்டு முனைக்கும் இடையே நான்கு சுற்றாகும். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. முதுகுத் தண்டுக் கால்வாய் குறுகியவர்களுக்கு நடக்க நடக்கக் கால் கனத்து வலிக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ குறையும். அவர்களை நடந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துவது கொடுமை. உட்கார்ந்து மிதிக்கும், நகராத உடற்பயிற்சி சைக்கிள் அவர்களுக்குப் பெரும்பாலும் சரிப்படும்.

தசைப் பயிற்சி

நான் அதிகம் பயந்ததும் கடைசியில் அதிகம் நன்றி சொல்வதும் இதற்குத்தான். நடை வலியைத் தணிக்கிறது, ஆனால் கீழே கிடக்கும் வாளியைத் தூக்கும் தைரியத்தை அது எனக்குத் தரவில்லை. தசைப் பயிற்சி தந்தது.

ஜிம் தேவையில்லை. ஒரு நாற்காலி போதும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. முன் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, மார்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். வேலையே அந்த இறக்கத்தில்தான். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து. எளிதாகிவிட்டால் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. வலி கிளம்பிய நாளில் நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிவிடுவேன். இறங்க வேண்டிய தூரம் குறையும், ஆனால் பயிற்சி விடுபடாது.

எவ்வளவு வலி வரலாம்? பிசியோதெரபியில் ஒரு கணக்கு உண்டு. 10-க்கு 5 வரை வலி இருந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையா, அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். பயிற்சியை விட வேண்டியதில்லை. இந்த ஒரு விதி என் பயத்தைப் பாதியாக்கியது. வலித்தாலே ஏதோ கிழிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேயே இடுப்பு பெல்ட்டையும் பேசிவிடலாம். நாள்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள், பெல்ட்டை வழக்கமாகப் போடுவதைப் பரிந்துரைக்கவில்லை. நானும் இரண்டு வருடம் போட்டிருந்தேன். கழற்றவே பயமாகிவிட்டது, அதுதான் எனக்குக் கிடைத்த பலன்.

யோகா, ஸ்ட்ரெச்சிங், தாய்ச்சி

யோகா பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017-இல் நாள்பட்ட முதுகு வலி உள்ள 320 பேரிடம் நடந்த ஆய்வில் யோகா பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை. 2011-இல் 228 பேரிடம் நடந்த ஆய்வில் யோகாவும் சாதாரண ஸ்ட்ரெச்சிங்கும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. ஆக, யோகா உதவும். ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆசனம் செய்தால் டிஸ்க் உள்ளே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலும்பு மெலிந்தவர்கள் வீடியோவைப் பார்த்து ஆழமாக முன்னால் குனிவதும் ஆபத்து, முதுகெலும்பு நொறுங்க வாய்ப்பு உண்டு.

உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்குத் தாய்ச்சியை, அதாவது மெல்ல மெல்ல அசையும் சீனப் பயிற்சியை, மறக்கக் கூடாது. 226 பேரை வைத்து 2018-இல் வந்த ஆய்வில் ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ இருந்தது. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும் என்பதுதான் குறை.

மோசமான நாளில் இந்த வகைக்கு ஈடே இல்லை. படுத்தபடியே முழங்காலை மெல்ல மார்புக்குக் கொண்டுவந்து நிதானமாக மூச்சு விடுவதும் பயிற்சிதான்.

தண்ணீர்

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை சுமார் பாதியாகிறது, மார்பளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் நாலு அடி வைக்க முடியாத முழங்கால் வலிக்காரர்களுக்கு இது வரம். ஆனால் குளம் பக்கத்தில் இருக்க வேண்டும், போய் வர வேண்டும், ஈர உடையைக் குனிந்து கழற்ற வேண்டும். வலி கிளம்பிய நாளில் அதெல்லாம் நடக்காது. தொடக்கத்துக்கு இது சிறந்த இடம். இதை மட்டுமே நம்பி இருப்பதுதான் கஷ்டம்.

என்னைக் கேட்டால் நடையும் நாற்காலியும்தான் ஜோடி. நிற்கவே முடியாதவர்கள் தண்ணீரில் தொடங்கி அந்த ஜோடிக்கு வரலாம். வலியைவிடப் பயமும் இறுக்கமும் பெரிதாக இருப்பவர்களுக்கு யோகா அல்லது தாய்ச்சி முதல் படி.

மாத்திரையா, தூக்கமா?

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியில்லைதான், ஆனாலும் நாம் ஒன்றுக்குத் தரும் கவனத்தில் பாதிகூட மற்றதற்குத் தருவதில்லை. வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமாலையோ ஓபியாய்டுகள் என்கிற அபின் வகை வலி மருந்துகளையோ புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும், பயிற்சியைக் கொடுக்கலாம் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் சொன்னது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. தூக்கம் கெட்ட மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கும். எழுந்திருக்கும் நேரத்தை மட்டுமாவது தினமும் ஒன்றாக வைத்துக்கொண்டது எனக்கு எந்தத் தலையணையையும்விட உதவியது. முழங்கால் வலிக்காரர்களுக்கு எடையும் முக்கியம்: 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. சூட்டு ஒத்தடம் இதமாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதைக் கொடுத்துவிட்டு எழுந்து நான்கு சுற்று நடக்க முடிந்தால் இன்னும் நல்லது.

என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில், மோசமான நாளுக்காக எழுதி வைத்தது. "ஒத்தடம் 15 நிமிடம். முழங்கால் மார்புக்கு, பத்து மூச்சு. வராந்தா நான்கு சுற்று. நாற்காலி ஐந்து, இரண்டு தலையணையோடு. ராத்திரி வழக்கமான நேரத்துக்குப் படு." போன செவ்வாய்க்கிழமை நாற்காலியில் மூன்றோடு நின்றுவிட்டேன். புதன்கிழமை ஐந்தும் முடிந்தது.