ஸ்டிக்கருக்கு அடியில் வேறு பெயர்: பெண் பியர்டட் டிராகன் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

எங்களுக்குப் பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை விற்றவரே கூண்டு, "யூவிபி விளக்கு" (வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிரைத் தரும் விளக்கு), மணல் எல்லாவற்றையும் சேர்த்துத் தலையில் கட்டினார். முட்டை போடுமா என்று கேட்டதற்கு, "ஆண் இல்லாம எப்படிங்க போடும்?" என்று சிரித்தார். போடும். பருவமடைந்த பெண், சேவல் இல்லாத கோழி மாதிரி, கருவுறாத முட்டை போடும். ஒரே ஈட்டில் 20 முட்டைகூட வரலாம்.

சரி, நாங்களே படித்துத் தெரிந்துகொண்டு, அவள் மூலையைச் சுரண்டத் தொடங்கியதுமே ஈரமண் நிரப்பிய ஆழமான டப்பா வைத்தோம். தோண்டுவாள், உள்ளே போவாள், ஒன்றும் போடாமல் வெளியே வருவாள். வயிற்றில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. விற்றவரைக் கேட்டால், "மலச்சிக்கல்தான், வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வைங்க" என்றார். பிறகு பின்னங்கால்கள் நடுங்கின. ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஊர்வன பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். வயிறு முழுக்க முட்டை. ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவு. "விளக்கைக் கொண்டுவாங்க" என்றார். அட்டைப் பெட்டியோடு கொடுத்தோம். அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் 'இரவு வெப்ப விளக்கு' என்று அச்சடித்திருந்தது. நீலப் பூச்சு பூசிய சாதாரண குண்டு பல்பு!

யூவிபி இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 போதாவிட்டால், உணவில் தூவும் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும், முட்டையைத் தள்ளும் தசைக்கும் வேண்டும். கால்சியம் ஊசி போட்டும் முட்டை இறங்கவில்லை. கடைசியில் அறுவை சிகிச்சை செய்து, முட்டைகளோடு சூலகத்தையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "எரியுதுல்ல, அப்புறம் என்ன?" பணமும் தரவில்லை. அதே ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன.

ஆகவே, விளக்கு வாங்கும்போது 10.0 அல்லது 12% என்ற யூவிபி அளவும், எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாட் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். நல்ல விளக்காக இருந்தாலும் கண்ணாடி மூடிக்கு மேல் வைத்தால் யூவிபி உள்ளே வராது. வெளிச்சம் குறையாமலே யூவிபி தீர்ந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். முட்டைக் காலத்தில் இரை எடுக்காமல் தோண்டுவது சகஜம்தான். தோண்டுவதையும் விட்டுவிட்டுத் துவண்டு படுத்தால் விற்றவருக்கு போன் போடாதீர்கள், நேராக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.