சேதன விவசாயம் கற்க எந்தப் புலமைப்பரிசில்? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஓர் ஒப்பீடு

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும் வரை, மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையின் சம்மாந்துறை வயல்வட்டைகளிலும் வேளாண்மை செய்தவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது ஒரு கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உள்ளது. நூற்றுக்கு ஒன்றரை வீதம் நைதரசன் கொண்ட கூட்டெருவிலிருந்து அதே அளவைப் பெற ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் பயிர் கேட்கும் வேளையில் கிடைக்காமல் மெல்ல மெல்லவே வெளிப்படும். இதை வரம்பில் நின்று விளக்கி, மாற்று வழியையும் காட்டக்கூடியவர்கள் நம்மிடையே போதுமான அளவில் இல்லை என்பதே அந்தப் போகம் எனக்கு உணர்த்தியது. ஆகவே புலமைப்பரிசில்களை ஒப்பிடும்போது எது கூடுதலான பணம் தருகிறது என்பதைவிட, எது அத்தகைய ஒருவரை நம் வயலுக்குத் திருப்பி அனுப்பும் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

உள்நாட்டு உதவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் சேரும் மாணவருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் மகாபொல புலமைப்பரிசிலே முதல் ஆதாரம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது மாணவரைப் படிப்பில் தக்கவைக்கும் உதவியேயன்றி, சேதன விவசாயத்தை நோக்கி அவரைத் திருப்புவதற்கென வகுக்கப்பட்டதன்று.

பட்டம் பெற்றவருக்கு ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. வழங்கும், வளர்ச்சி சார்ந்த பட்டப்பின்படிப்புக்கான புலமைப்பரிசில் மிக வலுவானது. கோட்டிங்கன், காசல் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் இணைந்து ஆங்கிலத்தில் நடத்தும் நிலைபேறான சர்வதேச விவசாய முதுமாணிக் கற்கை இத்துறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. காசலின் சேதன விவசாய பீடம் விற்சன்ஹவுசன் என்ற சிற்றூரில் அதற்கென்றே இயங்குகிறது. பட்டதாரிக்கு மாதம் 992 யூரோ உதவித்தொகை கிடைக்கும். ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. இவ்விரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நம் பட்டதாரிகளை எங்கே தாக்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்: அரச நியமனத்துக்காக மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டில் காத்திருப்பவருக்கு அனுபவமும் சேர்வதில்லை, காலமும் கரைந்துவிடுகிறது. காத்திருக்கும் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்திலோ தனியார் விதைப் பண்ணையிலோ முழுநேரமாக வேலை செய்து, அதற்கான சேவைச் சான்றிதழையும் பெற்றுவைப்பதே அறிவுடைமை. பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர விரும்புபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே.

பட்டமே இல்லாதவரின் நிலை வேறு. உழவர் அமைப்பில் உழைப்பவர், வீட்டுத்தோட்டக் குழுவை நடத்தும் பெண், கிராம மட்டத் தொண்டர் ஆகியோருக்கு முதுமாணி அறிவித்தல்களால் பயனில்லை. இவர்களுக்காகவே திறந்திருப்பது ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் 1973இல் தொடங்கப்பட்ட ஆசிய கிராமிய நிறுவனத்தின் கிராமியத் தலைவர்களுக்கான பயிற்சி. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்கள் பங்குபற்றுவோர் பண்ணையிலேயே தங்கி, நெல்லும் மரக்கறியும் இரசாயனமின்றிப் பயிரிட்டு, கால்நடை வளர்த்து, தாம் விளைவித்ததையே உண்டு கற்கின்றனர். அங்கே கிடைப்பது பட்டமன்று; கையில் படியும் பழக்கம். விண்ணப்பதாரரை அவர் பணிபுரியும் அமைப்பே அனுப்ப வேண்டும் என்பதால், திரும்பி வரும்போது வேலை செய்வதற்கான இடம் முன்னரே இருக்கிறது. என் அளவுகோலின்படி மற்ற எல்லாவற்றையும் இது மிஞ்சுவது இந்த ஒரு நிபந்தனையாலேயே. ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கும் ஆற்றல் கட்டாயம் வேண்டும். நிறுவனம் கிறிஸ்தவ அடிப்படையில் உருவானதாயினும் எல்லா மதத்தவரையும் ஏற்கிறது. பண்ணையில் பன்றி வளர்ப்பும் உண்டு என்பதால் அக்கரைப்பற்று, நிந்தவூர் பகுதி முஸ்லிம் விண்ணப்பதாரர்கள் அவ்வேலையில் தமது பங்கு குறித்து முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

போதிப்பவருக்கு, அதாவது விவசாயப் போதனாசிரியருக்கும் பாடசாலையில் விவசாயம் கற்பிக்கும் ஆசிரியருக்கும், 1964இல் தொடங்கிய வெளிநாட்டவருக்குக் குறுங்காலப் பயிற்சி அளிக்கும் இந்தியாவின் ஐடெக் திட்டமே எட்டக்கூடியது. விமானச் செலவு, கல்விக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவு அனைத்தையும் இந்திய அரசே ஏற்கிறது. உழவருக்கு விவசாய அறிவைக் கொண்டுசேர்க்கும் முறைகளைக் கற்பிக்கும், ஐதராபாத்தில் உள்ள மனேஜ் போன்ற விவசாய விரிவாக்க நிறுவனங்களில் நடைபெறும் பயிற்சிகள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுவதால், மாரிப்போக வெட்டு முடிந்து சிறுபோகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் நடைபெறும் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் கடமையும் பெரிதாகக் குழம்பாது. ஆழம் குறைவு என்பது உண்மை. இரண்டு வாரத்தில் மண்ணை அறிந்துவிட முடியாது. எனினும் ஒரு போதனாசிரியர் கற்றது அவர் பிரிவிலுள்ள பல நூறு உழவரை எட்டக்கூடும் என்பதை மறந்து இதைச் சிறிதாக மதிப்பிடக் கூடாது.

ஜப்பான் பயிற்சியைத் தெரிவுசெய்யும் உழவர் தம் காணியைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். ஏப்ரலில் புறப்படுபவருக்குச் சிறுபோகம் முழுவதும் போய்விடும். ஒக்டோபர், நவம்பரில் மாரி விதைப்பு நடைபெறும்போதும் அவர் ஊரில் இருக்கமாட்டார். அந்த ஆண்டுக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதானால், பங்குனி வெட்டு முடிவதற்குள்ளேயே, இரசாயனம் இடுவதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.