ஐந்தாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர்: கோடுகளைக் குறைத்த அழகு

2021 அக்டோபரில் வெளிவந்த இந்த வண்டியின் தோற்றத்தை மூன்று கோடுகளே தாங்குகின்றன: பின்னால் சரியும் கூரை, நேராக ஓடும் இடைக்கோடு, பின்பக்கம் மேலேறும் அடிக்கோடு. கதவுக் கண்ணாடி உடலைச் சந்திக்கும் இடத்தில் வழக்கமான ரப்பர் பட்டை கண்ணில் படாது. தகட்டின் விளிம்பை உருட்டி மடித்து அதை உள்ளே ஒளித்துவிட்டார்கள். கைப்பிடிகளும் கதவோடு சமமாக அமுங்கியிருக்கும். ஐந்து மீட்டரைத் தாண்டும் இந்த உருவத்துக்குக் காற்றுத்தடை எண் (குறையக் குறைய காற்றை எளிதாகக் கிழித்துப் போகும்) 0.30 மட்டுமே.

பின்புறம்தான் சர்ச்சை. செங்குத்தான விளக்குகள் அணைந்திருக்கும்போது வெறும் கருப்புப் பட்டையாகத் தெரியும், எரிந்தால்தான் சிவப்பு. எனக்கு இது பிடிக்கிறது; பகலில் பார்ப்பவர்கள் "பின்பக்கம் மொட்டையா இருக்கே" என்பதிலும் நியாயம் உண்டு. பளபளக்கும் கருப்புப் பகுதிகளைத் தூசியோடு உலர்துணியால் துடைத்தால் வட்டவட்டக் கீறல் விழும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணி போடுங்கள்.

23 அங்குலச் சக்கரம் ஷோரூமில் கம்பீரம்தான். ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடுவதால் பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், டயர் புடைக்கும். நம் சாலைக்கு 21 அங்குலம் போதும்.

2022 பிஎம்டபிள்யூ எக்ஸ்7-இன் இரண்டாகப் பிளந்த முகப்பு விளக்கும் பெரிய கிரில்லும் முதல் பார்வையிலேயே கத்துகின்றன. ரேஞ்ச் ரோவர் கத்தாது.