கண்டாங்கி ஊரிலிருந்து டெக்ஸ்டைல் படிக்க: பி.டெக்.கா, சேலம் டிப்ளமோவா, நிஃப்டா?

போன மாதம் எங்கள் காரைக்குடி கடைக்கு ஓர் ஆச்சி சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அரக்கு உடல், மஞ்சள் கரை போட்ட கண்டாங்கி, எங்கள் பக்கத்துக் கைத்தறிப் பருத்திச் சேலை. "என்னத்தா, ஒரு தண்ணிக்கே இப்படி இறங்கிப்போச்சே" என்று மேசைமேல் விரித்தார். அரக்கு மஞ்சளுக்குள் விரல் அகலத்துக்கு ஊறியிருந்தது. கோபுரக் கரையின் கூர் முனையெல்லாம் செங்கல் நிறத்தில் மழுங்கிக் கிடந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அந்த நேரம் என் அண்ணன் மகள் கடையில் இருந்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், டெக்ஸ்டைல் படிக்க ஆசை. எங்கே சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. ஆச்சி போனதும் கேட்டாள்: "அத்தை, இது ஏன் இப்படி ஆச்சுன்னு எதைப் படிச்சாத் தெரியும்?"

நான் பி.டெக். முடித்து, திருப்பூரில் 14 ஆண்டு தர ஆய்வில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அவள் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கட்டணம், கல்லூரிப் பெயர், வேலைவாய்ப்பு முகாம் என்று பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, இந்தச் சேலையை நடுவில் வைத்து மூன்று படிப்பையும் பார்த்தேன்.

முதலில் பி.டெக். நான்கு ஆண்டு. பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். கோவையில் பி.எஸ்.ஜி., குமரகுரு இருக்கின்றன. சென்னையில் ஏ.சி. டெக். என்கிற அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. அது நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1944இல் கொடுத்த 5 லட்சம் ரூபாயில் எழுந்தது என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

ஆச்சியின் சேலைக்கு இந்தப் படிப்பில் பதில் இருக்கிறது. இன்று பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். அது நூலோடு வேதிப் பிணைப்பே கொண்டுவிடும். ஆனால் தொட்டியில் போட்டது முழுவதும் நூலைப் பிடிப்பதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் அலசினால்தான் அது போகும். பட்டறையில் விறகை மிச்சம் பிடித்தாலோ, தண்ணீரில் கடினத்தன்மை அதிகம் இருந்தாலோ, அலசல் அரைகுறையாக நின்றுவிடும். மிச்சத்தை வாங்கினவர் வீட்டு வாளி அலசி எடுக்கும்.

அதே சாயம் நூலில் ஏறுவதற்குக் கிலோ கணக்கில் உப்புக் கேட்கும். அந்த உப்பும் கழிவும் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்ததால்தான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு வைத்தவர்கள்தான் திறக்க முடிந்தது. சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை அது. ஆச்சியின் வாளியும் நொய்யல் ஆறும் ஒரே பாடத்தில் வருகின்றன. தொழில் எந்தப் பக்கம் மாறினாலும் இந்த அடிப்படை தெரிந்தவருக்கு அங்கே இடம் இருக்கும். ஐரோப்பாவில் 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பொருள் எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரங்களை டிஜிட்டல் பாஸ்போர்ட்டாகக் கேட்கப் போகிறது. அதை நிரப்பப் போகிறவரும் இவர்தான்.

குறையும் உண்டு. நான் படித்த கல்லூரியில் பாடம் நூற்பாலையைச் சுற்றியே ஓடியது. பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற கார்டிங் எந்திரத்தின் ஒவ்வொரு உருளைக்கும் படம் வரைந்தோம். தறியை ஆசிரியர் ஓட்டிக் காட்டினார், நாங்கள் ரெக்கார்டு எழுதினோம். நான்கு ஆண்டில் என் கையால் ஒரு முழம் துணி நெய்யவில்லை. திருப்பூரில் முதல் நாள், ஈரத் துவைப்புச் சோதனை முடிந்த வெள்ளைத் துணியை, கறை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 1 முதல் 5 வரை, கறையே இல்லையென்றால் 5. அங்கே 4க்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதித் துணி முழுவதும் நிற்கும். 3 என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண் பழகவே ஆறு மாதம் ஆனது. 2020இல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அறிவிக்கப்பட்டது. மருத்துவத் துணி, சாலைக்கு அடியில் போடும் துணி என்று தொழில் விரிகிறது. பாடம் அந்த வேகத்தில் விரிந்திருக்கிறதா என்று கல்லூரிக்குக் கல்லூரி கேட்டுத்தான் சேர வேண்டும்.

சேலம் வேறு மாதிரி. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், 1960இலிருந்து இருக்கிறது, ஒன்றிய அரசினுடையது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் மூன்று ஆண்டு டிப்ளமோ. பாவு ஓட்டுவது, விழுதில் இழை கோப்பது, அச்சில் இழுப்பது, சாயத்தொட்டி எல்லாம் கையால் செய்கிற படிப்பு. சேலம் படித்த ஒருவர் எங்கள் தறிக்காரருக்கு யோசனை சொல்ல வந்திருந்தார். அரக்கு நூல் சிட்டம் ஒன்றை எடுத்தார், நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து கட்டை விரலால் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தார். துணி சிவந்தது. "இதைத் தறியில ஏத்தாதீங்கண்ணே" என்றார், அவ்வளவுதான். நான் அந்தச் சேலையைப் பார்த்த பிறகு காரணம் சொல்கிறேன். அவர் நூலாக இருக்கும்போதே நிறுத்திவிட்டார்.

நம் பக்கத்தில் டிப்ளமோ என்றால் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது எனக்கு வருத்தம். தறி வீட்டுப் பிள்ளை, ஊரிலேயே தொழில் செய்ய எண்ணம், நான்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வழியில்லை என்றால் நான் தயங்காமல் சேலம் என்பேன். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரில் விற்கிற சேலை சாயம் இறங்கக் கூடாது என்றால் இப்படிப்பட்ட ஆட்கள் காரைக்குடிக்கு இன்னும் நாலு பேர் வேண்டும். ஆனால் பெரிய ஆலையில், ஆய்வுக்கூடத்தில் மேலே போக நினைத்தால் டிப்ளமோவோடு நிற்க முடியாது.

நிஃப்ட், அதாவது தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. சென்னை நிஃப்டில் டெக்ஸ்டைல் டிசைன் நான்கு ஆண்டு. கட்டணம் லட்சங்களில் போகும். மாணவர்களைக் கைவினை ஊர்களுக்கே அனுப்பிக் கற்றுக்கொள்ள வைக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. நிஃப்ட் படித்தவர் கண்டாங்கியின் கட்டத்தையும் கரையையும் துப்பட்டாவாக, திரைச்சீலையாக மாற்றி வரைவார், வாங்க ஆளும் தேடுவார். கண்டாங்கிக்கு அதுவும் தேவை. ஆச்சிக்குப் பதில் சொல்ல மட்டும் அவர் பட்டறைக்குப் போய் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

அண்ணன் மகளுக்கு நான் பி.டெக். சொல்லியிருக்கிறேன். வேதியியலில் அவளுக்கு ஆசை இருக்கிறது, கட்-ஆஃபும் இருக்கிறது. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு மாதம் தறிக்குழியில் உட்கார வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது சாயக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல், தொட்டி ஈரமாக இருக்கிறதா பார் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சியின் சேலையில் உடல் பக்கம் ஒரு சாண் வெட்டி, சோப்புப் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தோம். முதல் தண்ணீர் ரத்தமாக வந்தது, இரண்டாவது ரோஸ். மூன்றாவது தெளிவாக வந்ததும் அவள் துணியை எடுத்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி முறுக்கினாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "பட்டறையிலேயே இதைச் செஞ்சிருக்கலாமே அத்தை" என்றாள்.